தந்தை சிவராஜ்

(கல்விக் கழக வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பாகூரில் 1879ஆம் ஆண்டு கிடைத்த பல்லவர் காலச் செப்பேடுகளை அறிவீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் ஆட்சியில் இங்கிருந்த வடமொழிக் கல்லூரிக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. ஆனால் பாகூர் ஏரித் தண்ணீரில் சேறு மிதித்து உழுது, பிள்ளைகளை வளர்த்து மறைந்த நம் தந்தையரின் பெயரை எந்தச் செப்பேடும் தாங்கவில்லை. அவர்களை நினைவில் வைக்கும் கடமை நம்முடையது. ஆகவே, நம் மக்கள் ஒருமனதாய்த் 'தந்தை' என்றழைக்கும் ஒருவரின் வாழ்வை இவ்வெள்ளிவிழாவில் எண்ணிப் பார்க்கிறோம். அவர்தாம் ந. சிவராஜ்.

1892ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் பிறந்த அவர், சென்னைச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராய் விளங்கினார். 1942இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பார் சம்மேளனம் தோன்றியபோது அதன் தலைவரானார். 1945இல் சென்னை மேயரானார். 1957இல் இந்தியக் குடியரசுக் கட்சி உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே.

அப்போது வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தனவே, 1954 நவம்பர் முதல் நாள்தானே நாம் இந்திய ஆட்சியின் கீழ் வந்தோம், அவர் நமக்கு என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். எல்லைக்கோடு நம் வயல்களுக்கு ஊடேதான் ஓடியது. கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் சேரிகள் சேரிகளாகவே இருந்தன. அந்த உறவு போதாதா?

பதவிகளைக் கொண்டு மட்டும் ஒருவரைத் தந்தை என்று மக்கள் அழைப்பதில்லை. அவர் இல்லத்தை நோக்குவோம். 1918இல் அவர் மீனாம்பாளை மணந்தார். இரங்கூனில் 1904இல் பிறந்த அம்மையாருக்கு அப்போது பதின்மூன்று வயது. அக்கால வழக்கம் அது. இன்று நாம் விலக்கவேண்டிய வழக்கம். எனினும், மணத்தோடு அந்தப் பெண்ணின் வளர்ச்சி முடிந்துவிடவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. 1928இல் சைமன் குழு வந்த காலத்தில் அம்மையார் பொதுமேடை ஏறினார். 1938இல் ஈ.வெ. இராமசாமி அவர்களுக்குப் 'பெரியார்' எனப் பட்டமளித்த பெண்கள் மாநாட்டில் பங்கேற்றார். 1944இல் சென்னையில் கூடிய ஷெட்யூல்டு வகுப்புப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அண்ணல் அம்பேத்கர் அவரைத் தம் சகோதரியாகவே போற்றினார்.

அந்நாளில் கணவன் முகம் சுளித்தால் மனைவி வாசற்படி தாண்டுவது அரிது. சிவராஜ் மனைவியின் நாவைக் கட்டவில்லை. கணவர் ஆண்களின் அவையில் முழங்க, மனைவி பெண்களின் அவையைத் திரட்டினார். ஒரே வீட்டிலிருந்து இரு விளக்குகள் எரிந்தன. ஆதலால்தான் 'தந்தை சிவராஜ்' என்னும் நாவே 'அன்னை மீனாம்பாள்' என்றும் சொல்கிறது.

1964ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், தாம் பிறந்த அதே தேதியில், சிவராஜ் மறைந்தார். அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த அம்மையார் 1992இல் மறைந்தார். கணவரின் நிழலாக மட்டும் வாழாமல், தமக்கென ஒரு பெயர் பெற்று வாழ்ந்தார்.

இளைஞர்களே! நாளை நீங்களும் கணவராவீர், தந்தையாவீர். நாற்று நட்டுக் கைசிவந்த தாயின் கூலி அடுப்புக்கு வருகிறதா, சாராயக் கடைக்குப் போகிறதா? மகனுக்குக் கல்லூரி, மகளுக்குக் களையெடுப்பு என்று பிரிக்கும் வழக்கம் நம் வீட்டில் உண்டா? மனைவி கழகக் கூட்டத்துக்குப் புறப்பட்டால் குழந்தையை வாங்கிக்கொள்ளும் கை நமக்கு இருக்கிறதா? நல்ல தந்தையா என்பதற்கு இவையே தேர்வு. இத்தேர்வுக்குப் பட்டம் வேண்டியதில்லை. எழுதப்படிக்க அறியாத நம் தந்தையர் பலர் இதில் தேறினார்கள். தாம் பட்டினி கிடந்து மகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் நம் தெருக்களிலும் இருந்தார்கள். அவர்களும் சிவராஜின் இனமே.

மறைந்த தந்தைக்குப் படம் திறப்பதும் மாலை சூட்டுவதும் நன்று. அவர் விட்ட பணியைத் தொடர்வது அதனினும் நன்று. கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் தெருக்களில் ஒரு பெண்ணின் படிப்பும் பாதியில் நிற்கக் கூடாது. இதுவே நாம் நம் தந்தையர்க்குப் பொறிக்கும் செப்பேடு.

வாழ்க கல்வி!