விசிறியின் விலையும் மின்கட்டணமும்



புதுதில்லி ஆர்.கே.புரத்தில் அமைந்துள்ள எரிசக்தித் திறன் பணியகம் 2002இல் நிறுவப்பட்டது. மின்சாதனங்களுக்கு நட்சத்திர முத்திரை வழங்கும் திட்டத்தை அது 2006இல் தொடங்கியது. கூரை மின்விசிறிக்கு அம்முத்திரை கட்டாயமானதோ 2023இல்தான். எளியோர் இல்லத்திலும் சுழல்வது விசிறியன்றோ!

75 வாட் விசிறி நாள்தோறும் 12 மணி நேரம் சுழன்றால், 200 நாட்களில் 180 யூனிட் செலவாகும். புதிய வகை 30 வாட் விசிறிக்கு 72 யூனிட் போதும். அதன் விலை கூடுதல் என்பது உண்மையே. ஆயினும் தடை விலை மட்டுமன்று. வாடகை வீட்டில் விசிறி பொருத்துபவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் மற்றொருவர். ஆர்.கே.புரத்து அரசு ஊழியர் குடியிருப்புகளிலும் நிலை இதுவே. ஆதலின், ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிடும் அலுவலர் கொள்முதல் விலையுடன் பத்தாண்டு மின்செலவையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.