ஆறா, காடா?
(பழைய மாணவியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் சுற்றுலாக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவின் மற்ற அலுவல்கள் எல்லாம் தீர்மானமாகிவிட்டன. சேலையின் நிறம்கூட முடிவாகிவிட்டது. இழுபடுவது சுற்றுலா ஒன்றுதான். கித்துல்கலவுக்குப் போய் வழிகாட்டியோடு ரப்பர் படகில் களனி கங்கையில் இறங்குவதா, சிங்கராஜா வனத்தின் ஓரத்தில் ஒரு விடுதியில் இரண்டு இரவு தங்குவதா என்று சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. குழுவில் வைத்தியர்கள் இருப்பதால் எங்களையே பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

படகின் பக்கம் நிற்பவர்களின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். கித்துல்கல நமக்குப் பக்கம். ஹட்டனில் காலையில் பஸ் ஏறினால் கினிகத்தேனை வழியாக இறங்கி, மாலையில் வீடு திரும்பிவிடலாம். இரவுத் தங்கல் இல்லை, செலவும் குறைவு. அத்துடன் அது நம் ஆறு. காசல்ரீயில் தேங்கும் கெஹெல்கமு ஓயாவும், மவுசாக்கலையில் தேங்கும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கையாகிறது. நம் லயத்துக் கூரையில் விழுந்த மழை, வழியில் மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டு, அங்கே போய்ப் படகைத் தூக்கிப் போடுகிறது. மேலே மின்நிலையங்கள் நீரை விடுவதைப் பொறுத்துக் கீழே நீர்மட்டம் ஏறி இறங்கும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அந்த ஆற்றில் இறங்கக் கூடாது என்பது அதனால்தான். டேவிட் லீன், குவாய் நதிப் பாலம் பற்றிய தன் படத்துக்காகப் பாலம் கட்டி அதைத் தகர்த்ததும் கித்துல்கலவில்தான். 1957 இல் வெளியான அந்தப் படத்தில் அது தாய்லாந்து. உண்மையில் ஓடியது மஸ்கெலியாத் தண்ணீர்.

ஆனால் படகில் ஏற்றுமுன் சில கேள்விகள் கேட்பார்கள். இதய நோய் உண்டா, முதுகு வலியா, அண்மையில் சத்திரசிகிச்சை செய்தீர்களா, கர்ப்பமா? நூற்றாண்டு என்றால் எழுபது தாண்டிய அக்காமாரும் வருவார்கள், எங்கள் ஆசிரியைகளும் வருவார்கள். அவர்களைக் கரையில் குடையோடு உட்காரவைத்துவிட்டு நாங்கள் நனைந்து சிரித்துக்கொண்டு போவதா? இன்னொன்றும் உண்டு. இரண்டு பெரிய நீர்த்தேக்கங்களுக்கு அருகே வளர்ந்தும் நம்மில் நீந்தத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ‘தண்ணிப் பக்கம் போகாதே’ என்றே வளர்க்கப்பட்டோம். லைஃப் ஜாக்கெட் மிதக்கவைக்கும், பதற்றத்தை அடக்காது.

எலிக்காய்ச்சல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2000 ஆம் ஆண்டில் மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோ மழைக்காட்டில், ஈக்கோ சேலஞ்ச் என்றொரு சாகசப் போட்டி நடந்தது. உலகெங்குமிருந்து 304 பேர் கலந்துகொண்டார்கள். ஊர் திரும்பிய பின் பலருக்குக் காய்ச்சல். ஆய்வாளர்கள் தொடர்புகொண்ட 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியவர்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்கள். நம் நாட்டிலும் 2008 இல் 7,000 க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் பதிவானது. படகுக்காரர்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கித்துல்கல இருக்கும் கேகாலை மாவட்டத்திலும், சிங்கராஜாவுக்குப் போகும் இரத்தினபுரி மாவட்டத்திலும் எலிக்காய்ச்சல் உண்டு. எங்கே போனாலும் காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் ஆற்றிலும் ஓடையிலும் இறங்க வேண்டாம். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், பனடோலோடு நிறுத்தாமல், எங்கே போய்வந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். டொரொன்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்கு இது முக்கியம். அங்குள்ள வைத்தியருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

இனிக் காடு. காடு என்றதும் எழுந்த எதிர்ப்பு ஒரே சொல்லில் இருந்தது: அட்டை. ‘எங்கம்மா முப்பது வருசம் அட்டைக்கு இரத்தம் குடுத்தது போதாதா, காசு கட்டிப் போய் வேற குடுக்கணுமா?’ என்று ஓர் அக்கா கேட்டார். சபை சிரித்தது. எங்களுக்கு அது சிரிப்பாக இல்லை. இடுப்பில் படங்கைக் கட்டி, காலில் சவர்க்காரமும் சுண்ணாம்பும் தடவி, மழைக்குள் மலையேறியவர்களின் பிள்ளைகள் நாம். அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பதிலாக ஒன்றைச் சொல்கிறோம். நம் பூட்டன்மார் கண்டிச் சீமைக்கு வந்தபோது இந்த மலைகளில் தேயிலை இல்லை, காடுதான் இருந்தது. கோப்பிக்காக அதை வெட்டியவர்களில் நம்மவர்களும் உண்டு. 1869 இல் கோப்பிக்கு நோய் வந்து அழிந்தபின் அதே மண்ணில் தேயிலை வந்தது. சிங்கராஜா நம் மலைக்காடு அல்ல, தாழ்நில மழைக்காடு. அதையும் 1970 களில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரம் கொண்டு வெட்டத் தொடங்கி, மக்கள் எதிர்ப்பால் 1977 இல் நிறுத்தினார்கள். 1988 இல் உலக மரபுரிமையானது. வெட்டாமல் விட்டால் ஒரு மலை எப்படி இருக்கும் என்பதை நம்மில் பெரும்பாலானோர் பார்த்ததே இல்லை. அங்குள்ள மரங்களில் பாதிக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாத இனங்கள். பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரைதேடிப் போவதைப் பார்க்கவே வெளிநாட்டார் வருகிறார்கள். அட்டை கடித்தால் இழுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டுக் கழுவினால் போதும். நோய் ஒன்றும் பரப்பாது என்றே கொள்ளலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு மட்டும் கசிவு நீளும். அவர்கள் முன்கூட்டியே எங்களிடம் சொல்ல வேண்டும். நடக்க முடியாதவர்கள் விடுதித் திண்ணையில் இருந்தாலே காடு கண்ணெதிரே இருக்கும். ஆற்றங்கரையில் குடையோடு காத்திருப்பதும் இதுவும் ஒன்றல்ல.

உண்மையான தடை அட்டையல்ல, காசும் வீடும். சென்ற ஒன்றுகூடலுக்குத் தோட்டத்திலிருந்து வராதவர்களில் சிலர் ‘பிள்ளைக்குப் பரீட்சை’ என்றார்கள். பரீட்சை இல்லாத மாதம் அது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் குளிரூட்டிய அறைக்குத் தனியாகக் கட்டுவதாகச் சொன்னபோது, அந்த நல்ல மனம் எங்களுக்கு விளங்கியது. ஆனாலும் அதற்கு நாங்கள் உடன்படவில்லை. எளிய விடுதி, எல்லோருக்கும் ஒரே மாதிரி அறை, பழைய ஹொஸ்டல் போல அறைக்கு நான்கு பேர். கட்டணத்தின் ஒரு பகுதியை நூற்றாண்டு நிதி ஏற்கட்டும். மிகுதியையும் கட்ட முடியாதவர் யார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். சின்னப் பிள்ளையை விட்டுவர முடியாதவர் கூட்டி வரட்டும். மாமியாரிடம் அனுமதி கேட்க வேண்டியவர்களுக்காக அதிபர் அவர்களே ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதத்துக்குத் தோட்டத்தில் இன்னும் மதிப்புண்டு.

ஆகவே குழுவின் பரிந்துரை காடு. படகில் போக ஆசைப்படும் தங்கைமார் இன்னொரு சனிக்கிழமை போகலாம். முதலுதவிப் பெட்டியோடு நாங்களும் வருவோம்.

மழை குறைவான மாதம் பார்த்து ஆகஸ்டை யோசித்திருக்கிறோம். வனத்துக்குள் நுழைவுச்சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம் என்பதால் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிய வேண்டும். முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறையை நெருக்கமான பருத்தித் துணியில் நாமே தைத்துக்கொள்ளலாம். மனையியல் ஆசிரியை அளவு தருவார். வாக்குச்சீட்டுகள் வாசலில் இருக்கின்றன. பெயரோடு, நீங்கள் எடுக்கும் மருந்துகளையும் பின்பக்கத்தில் எழுதிப் போடுங்கள்.