நீரிழிவும் விழித்திரையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் வழக்கம். செயலாளர் எம்மை அணுகி, "இவ்வாண்டு தாங்களும் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசவேண்டும்" என்றபொழுது, எமக்கு நன்கு பழகிய பொருள் ஒன்றே உளது, அதனைப் பற்றியே பேசுவோம் என்றோம். நீரிழிவு எம் உடலிற் குடியேறி 22 ஆண்டுகள் ஆகின்றன. அது கண்ணைத் தொட்டு 9 ஆண்டுகள் ஆகின்றன. யாம் மருத்துவர் அல்லோம். மருத்துவரிடம் கேட்டறிந்ததையும், படித்தறிந்ததையும், பட்டறிந்ததையும் கலந்தே சொல்லப்போகின்றோம். சமையற்கட்டிலிருந்து பாயசத்தின் மணம் வந்துகொண்டிருக்கும் இவ்வேளையில் இப்பொருளைப் பேச இசைவு தந்த செயலாளரின் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்திய ஆய்வு ஒன்று 2023-இல் வெளிவந்தது. இந்நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என்று அது கணக்கிட்டது. இம்மண்டபத்தில் அமர்ந்திருப்போரிலும் பலர் அக்கணக்கில் அடங்குவர். அவர்களுள் எத்தனை பேர் கடந்த ஓராண்டிற்குள் கண்ணில் மருந்து விட்டுப் பாவையை விரியச் செய்து விழித்திரையைக் காட்டியிருக்கின்றீர்கள்? கை உயர்த்தச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த யாம் விரும்பவில்லை. எம் தெருவில் நீரிழிவுடைய அன்பர் அறுவரைக் கேட்டோம்; ஒருவரே 'ஆம்' என்றார். மற்றவர் ஐவரும், "கண்தான் நன்றாகத் தெரிகின்றதே!" என்றனர்.

கண் நன்றாகத் தெரியும் காலத்திலேயே இந்நோய் வேரூன்றிவிடும். விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டிக் கிடக்கும் மெல்லிய நரம்புப் படலம். நாம் எழுத்துப் படிப்பதும் முகம் அறிவதும் அதன் நடுவிலுள்ள மாக்குலா என்னும் சிறு பகுதியால். அப்படலத்திற்கு உணவூட்டும் குருதிக்குழாய்கள் மயிரினும் நுண்ணியவை. குருதியில் மிகுந்த சர்க்கரை, அக்குழாய்ச் சுவர்களைத் தாங்கும் உயிரணுக்களை நாளடைவில் அழிக்கின்றது. தாங்கல் இழந்த இடம் நுண்ணிய கொப்புளமாகப் புடைக்கின்றது. அதன் வழியே நீரும் கொழுப்பும் கசிகின்றன. கசிவு மாக்குலாவில் தேங்கினால் பார்வை மங்கும். ஓரத்தில் மட்டும் தேங்கினால் உடையவருக்கு ஒன்றுமே தெரியாது. வலியும் இராது, சிவப்பும் இராது.

வேறு சில குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. அங்கே உயிர்வளியின்றி வாடும் விழித்திரை, புதுக்குழாய் வேண்டுமென்று ஒரு பொருளைச் சுரக்கின்றது. வி.இ.ஜி.எஃப். என்று அதனைச் சுருங்கக் கூறுவர். அவ்வாறு முளைக்கும் புதுக்குழாய்களோ வலுவற்றவை. தும்மினாலும் குனிந்தாலும், சிலவேளை உறங்கும்பொழுதே கூட அவை உடைந்து, கண்ணுக்குள் நிறைந்துள்ள தெளிந்த கூழிற் குருதி பரவும். எம் வலக்கண்ணில் அது நேர்ந்த அன்று, வெள்ளைச் சுவரில் கறுப்பு நூல்கள் தொங்குவன போலத் தோன்றின. மாலைக்குள் ஒரு புகைத்திரை விழுந்தது. அக்குழாய்களோடு வளரும் நார்த்திசு சுருங்கினால் விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும்.

எமக்கு நோய் தெரியவந்தது மூக்குக்கண்ணாடி மாற்றச் சென்ற இடத்தில். அங்கிருந்த இளம்பெண், "கண்ணாடியில் குறையில்லை ஐயா, உள்ளே பார்க்கவேண்டும்" என்று கண் மருத்துவரிடம் அனுப்பினார். அவருக்கு யாம் என்றும் கடமைப்பட்டவர்கள். நம் பெரியவர் பலர் பார்வை மங்கினால் அது கண்புரை என்றே கொண்டு, 'முற்றட்டும், பிறகு எடுத்துக்கொள்வோம்' என்று காத்திருக்கின்றனர். நீரிழிவுடையோர்க்குக் கண்புரையும் விரைந்து வருவது உண்மையே. ஆயினும் புரைக்குக் காத்திருந்து விழித்திரையை இழந்தோரை யாம் கண்டிருக்கின்றோம்.

உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காணும் வழி 1851-இல்தான் உலகிற்குக் கிட்டியது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்சு கண்ணின் உள்ளே ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவியை அவ்வாண்டில் வெளியிட்டார். இக்காலத்தில் ஓ.சி.டி. என்னும் கருவி, தொடாமலே, ஒளியைக்கொண்டே விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்காக வெட்டினாற்போலப் படம் எடுத்துவிடுகின்றது. சில நொடிகளே ஆகும். கைந்நரம்பில் மஞ்சட் சாயம் செலுத்திக் குழாய்களைப் படம் பிடிக்கும் முறையும் உண்டு. அதன்பின் ஒருநாள் தோலும் சிறுநீரும் மஞ்சளாகத் தோன்றும். மஞ்சட்காமாலை என்று அஞ்ச வேண்டா.

சிகிச்சையின் கதையில் எமக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உளது. 1945-இல் ஒரு சூரிய கிரகணம் வந்தது. அதனை வெறுங்கண்ணால் பார்த்தவரின் விழித்திரையில் தீய்ந்த வடு இருப்பதை மேயர்-ஷ்விக்கராத் என்னும் ஜெர்மானிய மருத்துவர் கண்டார். கிரகணத்தைப் பார்க்காதே என்று நம் பாட்டிமார் அதட்டியதன் காரணம் அவ்வடுவே. அவரோ, கெடுக்கும் ஒளியை அளந்து செலுத்தினால் காக்கவும் கூடுமன்றோ என்று எண்ணினார். முதலில் கதிரவன் ஒளியையே கண்ணாடிகளால் திருப்பி நோயாளியின் கண்ணிற் செலுத்தினார்; வானம் மூடிய நாளில் மருத்துவமும் இல்லை. பின்னர் விளக்கொளி வந்தது. 1960-இல் லேசர் பிறந்தபின் அதுவே கருவியாயிற்று. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் கூடி நடத்திய ஆய்வு, முற்றிய நோயில் லேசர் செய்தால் கடும் பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைகின்றது என்று 1976-இல் காட்டியது.

லேசர் செய்வது என்ன? விழித்திரையின் ஓரப்பகுதியில் நூற்றுக்கணக்கான, சிலருக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட நுண்ணிய சூடுகளை இடுகின்றது. ஏரியில் நீர் குறைந்த ஆண்டில் கடைமடை வயலைத் தரிசாக விட்டு எஞ்சிய பயிரைக் காப்பார் உழவர். ஓரத்தின் பசி அடங்கினால் அப்பொல்லாத சுரப்பும் அடங்கும், புதுக்குழாய்கள் வாடும். தரிசுக்கு விலை உண்டு. பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் ஓரளவு குறையும். எம் இடக்கண்ணிற்கு மூன்று தவணையாக லேசர் செய்தனர். இத்தலைநகரின் மார்கழிப் பனிமூட்டத்தில் மாலை ஐந்தரைக்குமேல் சாலையைக் கடக்க இன்றும் பேரனின் தோளைப் பற்றிக்கொள்கின்றோம். ஆயினும் அக்கண்ணால் நாளிதழ் படிக்கின்றோம். இப்பேரம் எமக்கு நட்டமன்று.

இனி ஊசி. 'கண்ணிலா ஊசி!' என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகின்றது. யாமும் அவ்வாறே சுளித்தோம். வி.இ.ஜி.எஃப். என்னும் அப்பொருளைக் கட்டிப்போடும் மருந்து, குடற்புற்றுநோய்க்கென 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அவாஸ்டின். கண்ணுக்கெனவே ஆக்கிய லூசென்டிஸ், ஐலியா முதலியன பின்னர் வந்தன. மரத்துப்போகும் சொட்டு மருந்து விடுகின்றனர். அயோடின் கலந்த நீரால் கழுவுகின்றனர். இமை மூடாதவாறு சிறு கம்பி பொருத்துகின்றனர். கருவிழியின் விளிம்பிலிருந்து நான்கு மில்லிமீட்டர் அளவு தள்ளி வெள்விழியில் ஊசி இறங்குகின்றது. செலுத்துவது ஒரு துளி, 0.05 மில்லிலிட்டர். ஓர் அழுத்தம் தெரியும், அவ்வளவே. அதற்கு முந்தைய இரவில் நாம் படும் அச்சமே பெரிது. ஊசிக்குப்பின் அயோடினால் ஒருநாள் கரிக்கும். ஆனால் அடுத்த சில நாட்களில் வலி மிகுந்து, கண் சிவந்து, பார்வை இறங்கினால், அது கிருமி புகுந்ததன் குறி. அரிதே எனினும் அன்றிரவே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். விடியட்டும் என்றிருத்தல் தகாது.

மருந்துகளின் விலையில் பெருவேறுபாடு உளது. விலை மிக்கதே சிறந்தது என்று கடன் வாங்குவோரும், விலை கேட்டு மருத்துவத்தையே விடுவோரும் நம்முள் உண்டு. மூன்று மருந்துகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. மாக்குலா வீக்கத்தால் பார்வை சிறிதே குறைந்திருந்த கண்களில் ஓராண்டின் முடிவில் மூன்றும் ஏறத்தாழ ஒரே பயன் தந்தன; மிகக் குறைந்திருந்த கண்களில் ஐலியா மேம்பட்டது. ஆதலின், "எம் கண்ணிற்கு மலிவான மருந்து போதுமா?" என்று மருத்துவரிடம் கேட்பதில் வெட்கமில்லை. அவாஸ்டினை ஒரு குப்பியிலிருந்து பலர்க்குப் பகிர்வதால், அப்பகிர்வு தூய்மையாக நடக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஊசி ஒன்றோடு முடிவதில்லை. முதலிற் சில மாதங்கள் மாதந்தோறும், பின்னர் கண்ணின் நிலையறிந்து இடைவெளி விட்டு. எம் வலக்கண்ணிற்கு இதுவரை 11. அங்கேதான் புலம்பெயர்ந்தோராகிய நமக்கொரு தனித்தொல்லை. மூன்று ஊசி இங்கே ஆகும். கோடை விடுமுறை வரும். ஊரில் திருமணம் வரும். இரண்டு மாதம் கழித்துத் திரும்பினால் வீக்கம் பழையபடி நிற்கும். ஊசியை நிறுத்தியதால் கண் இழந்தோரை நோக்க, ஊசியால் இழந்தோர் மிகச் சிலரே என்பது எம் கருத்து. ஊருக்குச் செல்வோர் ஓ.சி.டி. படங்களையும் ஊசித் தேதிகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்தும், சென்னையில் 1978-இல் தோன்றிய சங்கர நேத்திராலயாவும் விழித்திரைக்குப் பெயர் பெற்றவை. இந்நகரில் அகில இந்திய மருத்துவக் கழகத்தின் இராசேந்திர பிரசாத் கண் மையம் 1967 முதல் உளது. அங்கே தொடங்கியதை இங்கே தொடரலாம். தாள்கள் மட்டும் கையில் இருத்தல் வேண்டும்.

பயணத்தைப் பற்றி இன்னொன்று. கூழிற் கலந்த குருதி தானே கரையாவிடில் விட்ரெக்டமி என்னும் அறுவை செய்வர். 1970 அளவில் அமெரிக்காவில் மாக்கமெர் என்பவர் நிலைநாட்டிய முறை அது. சிலர்க்கு அதன்பின் கண்ணுக்குள் வாயு நிரப்புவர். அவ்வாயு கரையும் வரை விமானம் ஏறலாகாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைய, வாயு விரிந்து கண்ணின் அழுத்தத்தைக் கூட்டிவிடும். அவசரத்திற்கு ஊர் போகவேண்டியவர் தொடர்வண்டியிற் செல்க. அதிலும் மலைப்பாதையைத் தவிர்த்து, மருத்துவரைக் கேட்ட பின்னரே செல்க.

வீட்டிற் செய்யத்தக்கவை சில. இன்சுலின் அளவைக் கண்ணால் பார்க்க முடியாதவர், சுழற்றினால் ஒலிக்கும் பேனாவைக்கொண்டு ஒலியை எண்ணலாம். எம் அண்டை வீட்டு அம்மையார், வாசலிற் புள்ளி வைத்து இழுத்த கோடு நடுவில் நெளிவதாகக் கண்டு, கை நடுக்கமென்று எண்ணினார். அடுத்த நாளும் அதே இடத்தில் நெளிந்தது. மாக்குலா வீங்கியிருந்தது. ஒவ்வொரு கண்ணாக மூடிக் கட்டம் போட்ட தாளைப் பார்ப்பதும் அதே சோதனைதான். சர்க்கரையைப்போலவே குருதியழுத்தமும் முக்கியம். நீரிழிவுடையோரின் அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தால் விழித்திரை நோய் முற்றுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகின்றது என்று 1998-இல் ஆங்கிலேய ஆய்வு ஒன்று காட்டியது. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையைத் திடீரென்று இறக்கினால் கண்நோய் சிறிதுகாலம் கூடுவதும் உண்டு; ஆதலின் மருந்தைக் கூட்டும் மருத்துவர் கண்ணின் நிலையையும் அறிந்திருத்தல் நன்று. நீரிழிவுடைய பெண்டிர் கருவுற்றால் கண்ணைக் காட்டுதல் கட்டாயம்.

இறுதியாக, இச்சங்கம் செய்யவேண்டிய பணி ஒன்று. ஊரில் தனித்திருந்த பெற்றோரை நாம் இங்கே அழைத்து வந்துள்ளோம். மகனும் மருமகளும் அலுவலகம் சென்றபின் அவர்கள் மருத்துவமனை வரிசையில் மொழியறியாது நிற்கின்றனர். லேசர் நடக்கையில் நோயாளி அசையாதிருக்க வேண்டும். சொன்ன திசையிற் பார்க்க வேண்டும். தவறிப் பார்த்தால் நடுப்பகுதியிற் சூடு விழலாம். மருத்துவர் இந்தியில் வலப்பக்கம் என்னும் பொருளில் 'தாயேன்' என்கின்றார். நம் மூதாட்டி எதைத் தருவது என்று திகைக்கின்றார். இடப்பக்கம் என்னும் பொருளில் 'பாயேன்' என்கின்றார். பாய்வதா என்று நடுங்குகின்றார். கேட்கச் சிரிப்பு வருகின்றது. எம் எதிரில் நடந்தபொழுது சிரிப்பு வரவில்லை. அம்மருத்துவர் சினந்து, பாதியில் நிறுத்தி, மறுவாரம் வரச் சொல்லிவிட்டார். அம்மூதாட்டி மறுவாரம் வரவில்லை.

மாதம் ஒரு முற்பகல் ஒதுக்கி, இத்தகைய முதியவரோடு சென்று, அருகில் நின்று 'மேலே பாருங்கள் அம்மா, இடப்பக்கம் பாருங்கள், அசையாதீர்கள்' என்று தமிழிற் சொல்ல இளைஞர் சிலர் வேண்டும். இந்தி அறிந்திருந்தால் போதும். மருத்துவ அறிவு வேண்டா. கண்ணில் மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை கூசும். வீடுவரை கொண்டுவந்து விடவேண்டும். நூலக மேசையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றோம். துணை வேண்டுவோர் ஒரு பக்கத்திலும், துணை வரக்கூடியோர் எதிர்ப்பக்கத்திலும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுக. முதற்பக்கத்தில் இதற்குள் ஏழு பெயர்கள் உள்ளன. எதிர்ப்பக்கம் பந்திக்கு முன்பே திறந்திருக்கும்.