எல்லை கடக்கும் அனுமதிப்பத்திரம்

மோட்டார் வாகனம் ஓட்டும் உரிமை ஒருவருக்குப் பிறப்புடன் வருவதன்று. தகுதி கண்டு அரசு வழங்குவது. வழங்கிய அரசே தக்க காரணம் இருப்பின் அதனைத் திரும்பப் பெறவும் செய்யும். இலங்கை முழுவதற்கும் சாரதி அனுமதிப்பத்திரச் சட்டம் ஒன்றே. ஐம்பது மாநிலங்களைக் கொண்ட அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி தானே பத்திரம் வழங்குகின்றது, தானே பறிக்கின்றது.

ஒரு மாநிலத்தின் பத்திரத்தைக் கொண்டு பிற மாநிலங்களிலும் வண்டி ஓட்டலாம். ஆனால் வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தவர் அங்கே புதிய பத்திரம் பெறுதல் வேண்டும். பழையதை ஒப்படைத்தலும் வழக்கம். பள்ளிக்கூடம் மாறும் மாணவன் விடுகைப்பத்திரம் கொண்டு வருவதை இது ஒக்கும். ஆயின், மது மயக்கத்தில் வண்டி ஓட்டிப் பத்திரத்தை இழந்த ஒருவர், அதனை மறைத்து அயல் மாநிலத்தில் புதிதாக விண்ணப்பித்தால் என்னாகும்?

இவ்வினாவுக்கு விடையாகவே 1960ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசிய சாரதிகள் பதிவேட்டைச் சட்டத்தால் நிறுவியது. பத்திரம் இடைநிறுத்தப்பட்டோர், ரத்துச் செய்யப்பட்டோர் ஆகியோரின் பெயர்கள் அதில் இடம்பெறும். விண்ணப்பம் பெறும் மாநிலம் அப்பதிவேட்டை வினவும். அது, விபரம் எந்த மாநிலத்திடம் உள்ளது என்பதைச் சுட்டும். அங்குள்ள தடை நீங்கும்வரை இங்கும் பத்திரம் கிடைப்பது அரிது. வெளி மாநிலத்திற் செய்த குற்றத்தைச் சொந்த மாநிலத்திற் செய்ததாகவே கொள்வதற்குப் பெரும்பாலான மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கையும் செய்துள்ளன. பாரவூர்தி முதலியவற்றை ஓட்டுவோர் பல மாநிலப் பத்திரங்களை ஒருங்கே வைத்திருந்த வழக்கத்தை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது.

ஏற்பாடுகள் நன்றே. ஆனால் செய்தி வந்து சேர்ந்தால் மட்டும் போதுமா? 2019ஆம் ஆண்டு யூன் 21ஆம் நாள், நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் றான்டொல்ஃப் என்னும் ஊரில், மோட்டார் சைக்கிளிற் சென்ற எழுவர் விபத்தில் மாண்டனர். அதிற் சம்பந்தப்பட்ட மற்றைய வண்டியின் சாரதி மாசச்சூசெற்ஸ் மாநிலப் பத்திரம் உடையவர். முந்திய மாதத்தில் அவர் கனெற்றிக்கற் மாநிலத்தில், போதையில் வண்டி ஓட்டினார் என்ற குற்றச்சாட்டிற் கைதாகியிருந்தார். கனெற்றிக்கற் அதனை அறிவித்தது. அறிவித்தலும் சேர்ந்தது. ஆயினும் பத்திரம் இடைநிறுத்தப்படவில்லை. விசாரித்தபோது, வெளி மாநிலங்களிலிருந்து வந்த பல்லாயிரம் அறிவித்தல்கள் நடவடிக்கை எடுக்கப்படாமலே பெட்டிகளிற் கிடந்தமை வெளியாயிற்று. மோட்டார் வாகனப் பதிவாளர் பதவி விலகினார். பின்னர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரங்கள் இடைநிறுத்தப்பட்டன. விபத்துத் தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து அச்சாரதியை 2022இல் யூரிமார் விடுவித்தனர். எனினும், அன்று அவர் கையிற் செல்லுபடியான பத்திரம் இருந்திருக்கலாமா என்னும் வினா அப்படியே நிற்கின்றது.

விரைந்து பறித்துவிடுதலே நீதியாகுமோ என்றால், அதுவும் அன்று. யோர்ஜியா மாநிலத்தில், காப்புறுதியில்லாத ஒரு மதபோதகரின் வண்டியில் சைக்கிளில் வந்த சிறுமி ஒருத்தி மோதினாள். தவறு எவருடையது என்பதை ஆராயாமலே, ஈட்டுப் பணம் கட்டாவிடிற் பத்திரம் பறிபோகும் என்றது அம்மாநிலச் சட்டம். கிராமம் கிராமமாகச் சென்று தொண்டு செய்பவர்க்கு வண்டியின்றேல் தொழிலே இல்லை. வழங்கிய பத்திரம் ஒருவரின் பிழைப்புக்கு இன்றியமையாததாகக் கூடும்; ஆதலால் உரிய விசாரணையின்றி அதனைப் பறித்தல் தகாது என்று 1971இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நேயர்களே, பறிக்குமுன் ஆராய வேண்டும். பறித்தபின் அறிவிக்க வேண்டும். அறிவித்ததைப் பெற்றவர் அன்றே பிரித்துப் படிக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினும் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். தெருவிற் செல்வோரின் உயிரைக் காப்பவர் பொலிசார் மட்டுமல்லர். தம் மேசைக்கு வந்த கடிதத்தை உடனே நோக்கும் எழுதுவினைஞரும் காவலரே.