பாலும் பரிசோதனைச்சாலையும்

ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் செலவிடல் வேண்டுமா என்னும் வினா எழும்போதெல்லாம், அதனால் உடனே விளையும் பயன் யாது என்ற வினாவும் கூடவே எழுகின்றது. இவ்விரண்டுக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒன்றாகிய விஸ்கொன்சின் மாநிலத்தின் வரலாறு தக்க விடை பகர்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மாநிலத்து உழவர் பலர் கோதுமைச் செய்கையை விடுத்துக் கறவை மாடு வளர்க்கத் தொடங்கினர். வெண்ணெய் எடுக்கும் ஆலைகள் பாலின் நிறையைப் பார்த்தே விலை கொடுத்தன. ஆதலால், பாலில் நீர் கலந்தவனும் ஆடையை எடுத்துவிட்டு விற்றவனும் இலாபம் பெற்றனர். கொழுப்பு மிக்க நல்ல பாலைக் கொடுத்தவன் நட்டமடைந்தான்.

1883ஆம் ஆண்டில் அம்மாநிலம் விவசாய ஆராய்ச்சி நிலையமொன்றை நிறுவியது. 1887இல் இயற்றப்பட்ட சட்டமொன்றினால், இத்தகைய நிலையங்களுக்கென மாநிலம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் 15,000 டொலர் வரை மத்திய அரசின் உதவியும் கிடைத்தது. அங்குப் பணியாற்றிய இரசாயன அறிஞர் ஸ்டீபன் பப்கொக், 1890இல் எளியதொரு சோதனையை வெளியிட்டார். பாலுடன் கந்தக அமிலத்தைச் சேர்த்தால் கொழுப்பு ஒழிந்த ஏனையவை கரைந்துவிடும். போத்தலை வேகமாகச் சுழற்றி வெந்நீர் வார்த்தால், கொழுப்பு மேலெழுந்து, அளவுக் கோடிட்ட கழுத்தில் நிற்கும். அதனை எவரும் படித்தறியலாம். பப்கொக் இதற்குக் காப்புரிமை பெறாது, பொதுமக்களுக்கே உரித்தாக்கினார். நேர்மையான உழவனுக்கு உரிய விலை கிடைத்தது.

இப்பயன் விரைவில் கண்ணுக்குப் புலனாயிற்று. ஆனால் பப்கொக் எழுப்பிய மற்றொரு வினா அத்தகையதன்று. இரசாயனப் பகுப்பில் ஒத்திருக்கும் உணவுகள் உடலுக்கும் ஒத்த பயனைத் தருமா என்று அவர் ஐயுற்றார். 1907இல் அந்நிலையத்தார் பதினாறு கிடாரிகளை நான்கு கூட்டமாக வகுத்தனர். ஒன்றுக்குச் சோளப் பயிரும், ஒன்றுக்குக் கோதுமைப் பயிரும், ஒன்றுக்கு ஓட்ஸ் பயிரும், எஞ்சியதற்கு மூன்றும் கலந்தும் ஊட்டினர். சோளம் உண்டவை நன்கு வளர்ந்து நல்ல கன்றுகளை ஈன்றன. கோதுமை உண்டவை நலிந்தன. அவற்றின் கன்றுகளும் பிழைக்கவில்லை. பகுப்பில் அகப்படாத ஏதோ ஒன்று உணவில் உண்டு என்பது தெளிவாயிற்று.

அதனைத் தேடிய மக்கொலமும் மார்கரீட் டேவிசும் வெண்ணெய்க் கொழுப்பில், பின்னர் விற்றமின் 'ஏ' எனப் பெயர் பெற்ற சத்தினை 1913இல் கண்டறிந்தனர். அவ்வாண்டிலேயே, 1875இல் நிறுவப்பெற்ற கொனெற்றிக்கட் மாநில ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த ஒஸ்போர்ன், மெண்டலுடன் கூடி அதே முடிவுக்கு வந்தார்.

நான்கு ஆண்டுகள் மாடுகளுக்குத் தீனியிட்டு, விடை வருமோ வராதோ என்று காத்திருக்க எந்த வணிகன் முன்வருவான்? முதலாவது ஆராய்ச்சி உழவனின் வருவாயைக் காத்தது. இரண்டாவதோ, அச்சத்துக் குறைவால் பார்வையிழக்கும் குழந்தைகளின் கண்களைக் காக்கும் அறிவைத் தந்தது. முதலாவதற்கு மட்டும் பொருளீந்து இரண்டாவதை வீண்செலவென ஒதுக்கியிருந்தால், அதனால் நேர்ந்த நட்டத்தை எந்தக் கணக்கேடும் காட்டியிராது.