எதில் 20 சதவீதம்?



குஜராத்தில் சூரத் அருகே காவாஸ் என்ற இடத்தில் என்.டி.பி.சி. நிறுவனத்தின் ஊழியர் குடியிருப்பு இருக்கிறது. அங்கு வீடுகளுக்குக் குழாயில் வரும் இயற்கை எரிவாயுவில் 2023 ஜனவரியில் 5 சதவீதம் ஹைட்ரஜன் கலக்கத் தொடங்கினார்கள். சூரிய மின்சாரத்தால் நீரைப் பகுத்து எடுத்த ஹைட்ரஜன் அது. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் 2019 முதல் 2021 வரை 20 சதவீதம் வரை கலந்து சோதித்தார்கள். 100 வீடுகள், 30 கட்டடங்கள். குழாய்களும் அடுப்புகளும் பழையவையே.

ஹைட்ரஜன் எரிந்தால் நீராவிதான் வரும். கார்பன் டை ஆக்சைடு வராது. அப்படியானால் 20 சதவீதம் கலந்தால் கார்பன் டை ஆக்சைடும் 20 சதவீதம் குறையுமா? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பலர் ‘ஆம்’ என்பார்கள். ஆனால் அவ்வளவு குறையாது.

அந்த 20 சதவீதம் கன அளவில் சொல்லப்பட்டது. அவகாட்ரோ விதிப்படி சம கன அளவில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம். மீத்தேன் மூலக்கூறில் ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் உண்டு. ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மட்டுமே. அதனால் ஒரு லிட்டர் ஹைட்ரஜன் தரும் வெப்பம், ஒரு லிட்டர் மீத்தேன் தருவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

இனி கரும்பலகைக் கணக்கு. 100 லிட்டர் இயற்கை எரிவாயு 100 பங்கு வெப்பம் தருவதாகக் கொள்வோம். கலவையில் 80 லிட்டர் எரிவாயு 80 பங்கும், 20 லிட்டர் ஹைட்ரஜன் சுமார் 7 பங்கும் தரும். மொத்தம் 87. அதே சோறு வேக 100 பங்கு வேண்டுமே? 115 லிட்டர் கலவையை எரிக்க வேண்டும். அதில் 92 லிட்டர் இயற்கை எரிவாயு. மிச்சமானது 8 லிட்டர்! கார்பன் டை ஆக்சைடும் ஏறக்குறைய 8 சதவீதமே குறையும். காவாஸின் 5 சதவீதத்துக்கு மாணவர்களே கணக்கிடட்டும். 2 சதவீதத்தைத் தாண்டாது.

கலவையை ஏன் கூட்டவில்லை என்று ஒரு பிள்ளை கேட்கலாம். ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கக்கூடியதாக்கும். உயர் அழுத்த எஃகுக் குழாய்களுக்கு அது ஆபத்து. அடுப்புகளையும் மாற்ற நேரும். இன்னொன்று: இன்று உலகில் பெருமளவு ஹைட்ரஜன் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் தயாராகிறது. அதைக் கலந்தால் லாபமே இல்லை.

இம்முயற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. புதுக் குழாய் பதிக்காமல் எடுத்து வைக்கும் முதல் அடி இது. ஆனால் பெரிய எண்களை நம் பிள்ளைகள் விளம்பரங்களில் தினமும் பார்க்கிறார்கள். ‘எதில் 20 சதவீதம்?’ என்று கேட்கப் பழகிய பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. அந்தப் பழக்கத்தை ஊட்டுவது நம் கையில் இருக்கிறது.