சுக்கான் மேல் ஒரு கூடு

ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல்களைச் சிறு மாதிரிகளாகச் செய்கிறவர்களுக்குப் பெரிய துணை நிழற்படம்தான். சோவியத் காலத்தில் கப்பலின் வரைபடம் ரகசியம். வெளியே உலவிய பல வரைபடங்கள் படங்களைப் பார்த்து ஊகித்து வரைந்தவை. ஆகவே படத்தில் கண்ணுக்குத் தெரிவது எது, நம் மனம் சேர்த்துக்கொள்வது எது என்று பிரித்துப் பார்ப்பவர் செய்யும் மாதிரியையே நம்பலாம் என்பேன்.

இதற்கு விக்டர்-3 என்று மேற்கு நாடுகள் பெயரிட்ட கப்பலைவிட நல்ல சாட்சி இல்லை. அதன் பின்புறத்தில், செங்குத்தாக நிற்கும் சுக்கானின் உச்சியில், நீர்த்துளி வடிவத்தில் ஒரு பெரிய கூடு. படங்களில் அதைக் கண்ட மேற்கத்திய வல்லுநர்கள் சிலர், சத்தமில்லாமல் கப்பலைத் தள்ளும் புதுவகை உந்துகருவியாக இருக்குமோ என்று கருதினார்கள். உண்மையில் அது, பின்னால் நீளமாக இழுத்துச் செல்லும் சோனார் (ஒலியைக் கேட்டு இடமறியும் கருவி) கம்பிவடத்தைச் சுருட்டி வைக்கும் இடம். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: 1983இல் அதே வகையைச் சேர்ந்த கே-324, அமெரிக்கப் போர்க்கப்பல் மெக்ளாய் இழுத்துச் சென்ற சோனார் வடத்தில் சிக்கி, அட்லாண்டிக்கில் மேலே வந்து நின்றது, பிறகு கியூபாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. உந்துகருவி என்று நம்பிய ஒருவர் மாதிரி செய்திருந்தால், கூட்டின் முன்னால் நீர் புக ஒரு வாயைக் குடைந்திருப்பார். கண்ட உருவத்தை மட்டும் செதுக்கியவரோ, அதன் வேலை என்னவென்று தெரியாமலேயே சரியாகச் செய்திருப்பார்.

'படமே பொய் சொல்லுமே, கோணத்தால் அளவு மாறுமே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேல்தளத்தில் நிற்கும் மாலுமியை அளவுகோலாகக் கொள்வது வழக்கம். 350இல் ஒரு பங்கு மாதிரியில் அவர் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். ஆனால் மூக்கருகே நிற்பவரை வைத்து வாலை அளந்தால் கணக்கு தப்பும். அளக்கும் பகுதியும் ஆளும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட படங்கள் இரண்டு மூன்று ஒரே விடையைத் தந்தால் அதை நம்பலாம். கோணம் பொய் சொல்வதில்லை, அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், அவ்வளவே.

'கடையில் வாங்கும் பெட்டியிலேயே பாகங்கள் வருகின்றனவே' என்பார்கள். அவை ஒரு வகையின் பொது உருவம். கப்பலோ காலத்தோடு மாறும். 1981இல் சேவைக்கு வந்த டைஃபூன் வகை தி.கே-208, புலவா ஏவுகணைச் சோதனைக்காக மாற்றப்பட்டு 2002இல் திமித்ரி தொன்ஸ்கோய் என்ற பெயரோடு திரும்பியது. ஆகவே படத்தின் ஆண்டு தெரியாமல் பசையைத் தொடக் கூடாது.

நேரம் நெருங்குகிறது. நீருக்கு மேலே தெரிவது கப்பலின் சிறு பகுதிதான். மீதியைக் காண நமக்கு விசாகப்பட்டினக் கடற்கரை இருக்கிறது. 1969இல் நம் கடற்படையில் சேர்ந்து 2001இல் ஓய்வுபெற்று, இப்போது அந்தக் கரையில் நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா, சோவியத் நாட்டின் ஃபாக்ஸ்ட்ராட் வகை. அங்கே போகும் நேயர்கள், அந்த வகைக் கப்பல் கடலில் செல்லும் படம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து, அந்தப் படத்தில் தெரியாத மூன்று உந்துவிசிறிகளின் இடத்தை நின்று பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.